பிறவி வீரனும் பயிற்றிய கரமும்

'பிறவி வீரன்' என்ற இரண்டு சொற்களால் ஒரு மனிதனின் பல்லாண்டு உழைப்பை மறைத்துவிடலாம். பார எடைக் குத்துச்சண்டையில் 1937 முதல் 1949 வரை உலகச் சாம்பியனாக விளங்கி, 25 தடவை தம் பட்டத்தைக் காத்துக்கொண்ட ஜோ லூயிசுக்கு நேர்ந்தது இதுவே. 1935இல் அவருடைய பெயர் பரவத் தொடங்கியபோது அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர் பலர் அந்தக் கறுப்பின இளைஞரைக் காட்டு விலங்கோடு ஒப்பிட்டு எழுதினர். மேலோட்டமாகப் பார்த்தால் அது புகழ்ச்சி. ஆனால், விலங்குக்கு ஆசிரியன் வேண்டியதில்லை, சிந்தனையும் வேண்டியதில்லை. லூயிஸ் கற்றவர் என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்களுக்கு அவருடைய 'இயற்கைத் திறன்' வசதியான விளக்கமாயிற்று.

அவர் எப்படித் தொடங்கினார் என்பதை நாம் பார்ப்போம். 1914இல் அலபாமா மாநிலத்தில், பருத்தி நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பமொன்றில், எட்டுப் பிள்ளைகளுள் ஏழாமவராகப் பிறந்தார். 1926இல் குடும்பம் டெட்ரோயிட் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே ஐஸ் வண்டியில் வேலைசெய்து, கட்டிகளை மாடிப்படிகளிற் சுமந்தேற்றினார். வயலின் பழகத் தாய் கொடுத்த காசு குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போயிற்று. இக்கதையை எல்லோரும் சுவைபடச் சொல்வர். அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோர் குறைவு. 1932இல் அவர் அமெச்சூர் வீரராக முதன்முதல் மேடையேறியபோது, அதே ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சார்பிற் போட்டியிட்ட ஜோனி மைலர் அவரை ஏழு தடவை தரையில் வீழ்த்தினார். மனமுடைந்த இளைஞர் கையுறையைக் கழற்றிவிட்டு, மோட்டார்த் தொழிற்சாலையில் லொறிக் கூடுகளைத் தள்ளும் வேலைக்குப் போனார். பிறவி வீரனின் பிறவிப் பயன் அன்றைக்கு அவ்வளவே!

அவரை ஆளாக்கியது முதலில் புரூஸ்டர் பொழுதுபோக்கு நிலையம். நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகள் கூடிய இடம் அது. அங்கே அட்லர் எல்லிஸ் என்ற பயிற்றுநரும், லூயிசின் வயதினரேயான ஹோல்மன் வில்லியம்ஸ் என்ற வீரரும் அவருக்கு அடிப்படைகளைக் கற்பித்தனர். 1934இல் அமெச்சூர் தேசியப் பட்டமும் கிடைத்தது. அதன்பின் ஜோன் ரொக்ஸ்பரோ என்பவர் அவரைச் சிக்காகோவுக்கு அழைத்துச் சென்றார். ரொக்ஸ்பரோவின் பணம் சட்டவிரோதச் சூதாட்டத்தில் வந்த பணம். கறுப்பின மக்களுக்கு வங்கிக் கதவுகள் அடைபட்டிருந்த நாட்டில், திறமைக்கு முதலிட வேறு யார் இருந்தார்கள்?

சிக்காகோவில் அவரைப் பொறுப்பேற்றவர் ஜக் பிளக்பேர்ன். இம்மனிதரைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1883இல் பிறந்தவர், மெலிந்த உடலினர், தம்மிலும் எடை கூடியவர்களோடு மோதிப் பெயர் பெற்றவர், சாம் லாங்போர்ட் போன்ற பேராற்றலாளரோடு பல தடவை பொருதவர், ஒரு கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலும் இருந்தவர். அவரை நல்லவராகச் சித்திரிக்க நாம் முயலவில்லை. ஆனால், உலகப் பட்டத்துக்குப் போட்டியிட அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததேயில்லை. அவர் பயிற்றிய வெள்ளையர் இருவர் உலகச் சாம்பியன்களாயினர். லூயிசை ஏற்கச் சொன்னபோது முதலில் அவர் தயங்கினார். கறுப்பினப் பார எடை வீரனால் பணமும் வராது, பட்டமும் வராது என்றார். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஜக் ஜோன்சன் 1915இல் பட்டத்தை இழந்தபின், 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பினத்தவரும் அப்பட்டத்துக்குப் போட்டியிட விடப்படவில்லை.

பிளக்பேர்ன் முதலிற் கண்டது லூயிசின் பலத்தை அன்று, அவருடைய தடுமாற்றத்தை. குத்து விட்டதும் உடல் நிலைகுலைந்தது. பாதத்தை ஊன்றி நிற்கவும், முழு உடலின் எடையையும் குறுகிய குத்தொன்றில் இறக்கவும், ஒன்றன்பின் ஒன்றாகக் குத்துக்களைத் தொடுக்கவும் அவர் திரும்பத் திரும்பப் பழக்கினார். புள்ளிகளை நம்பாதே என்பது மற்றொரு பாடம். வெள்ளை நடுவர்கள் கறுப்பனுக்குப் புள்ளி தரமாட்டார்கள். உன் வலக்கையே உனக்கு மத்தியஸ்தராகட்டும் என்பது அதன் சாரம். லூயிசின் 'கொல்லும் இயல்பு' என்று பத்திரிகைகள் கண்டு நடுங்கியது, அநீதியான தீர்ப்புகளை அனுபவித்த கிழவர் ஒருவர் வகுத்துக் கொடுத்த உபாயம்.

1936 யூன் 19இல் ஜெர்மானியரான மக்ஸ் ஷ்மெலிங் லூயிசைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். ஆரிய இனத்தின் மேன்மை நிரூபணமாயிற்று என்று நாஜிகள் ஆர்ப்பரித்தனர். நடந்ததோ வேறு. ஷ்மெலிங் முந்திய ஆண்டில் லூயிசின் பந்தயமொன்றை நேரிற் பார்த்து, பின்னர்த் திரைப்படச் சுருள்களையும் ஆராய்ந்து, இடக்கைக் குத்துக்குப்பின் லூயிஸ் அக்கையைத் தாழ்த்துவதைக் கண்டுபிடித்திருந்தார். இனத்தின் வெற்றியென்று கொண்டாடப்பட்டது கவனமாகப் படித்த ஒருவரின் வெற்றியே. லூயிசும் படித்துக்கொண்டார். 1938 யூன் 22இல் அதே நியூயோர்க் அரங்கில், சுமார் 70,000 பேர் முன்னிலையில், 124 வினாடிகளில் ஷ்மெலிங்கின் கதை முடிந்தது. இரண்டு ஆண்டுகளில் மனிதனின் பிறப்பு மாறுவதில்லை.

அப்படியானால் இயற்கைத் திறன் என்று ஒன்றுமே இல்லையா? உண்டு. அத்தகைய கைவேகத்தை எந்த ஆசிரியரும் கடையில் வாங்கிக் கொடுக்க முடியாது. 1942இல் பிளக்பேர்ன் இறந்தபின்னரும் லூயிஸ் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சாம்பியனாக நின்றார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், திறன் எத்தனை பேரிடம் இருந்தது, வழி எத்தனை பேருக்குத் திறந்தது என்று கேட்கும்போது கணக்கு வேறாகிறது. வகுப்பறையில் 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு பிள்ளையைப் பின்வாங்கில் இருத்தும் நம்மவரும் இக்கணக்கைப் பார்க்கலாம்.

ஜெர்சி ஜோ வோல்கொட் லூயிசுக்கு முன் பிளக்பேர்னிடம் பயின்றவர். பயிற்றுநர் சிக்காகோ சென்ற காலத்தில் வோல்கொட் நெருப்புக்காய்ச்சலிற் படுத்தார். எழுந்தபோது அந்த இடத்தில் லூயிஸ் இருந்தார். கூலிவேலையிலும் நிவாரணப் பணத்திலும் குடும்பத்தைக் காத்த வோல்கொட் பட்டம் பெற்றது 1951இல், தமது 37ஆம் வயதில். லூயிசுக்கு ஆரம்பப் பாடம் சொன்ன ஹோல்மன் வில்லியம்சோ 180 பந்தயங்களுக்கு மேல் ஆடினார். நடுத்தர எடையில் அவரோடு மோதச் சாம்பியன்கள் முன்வரவில்லை. உலகச் சாம்பியன் பட்டத்துக்கு ஒரு தடவையேனும் போட்டியிடாமலே அவர் ஓய்வு பெற்றார்.