கல்லில் விளைந்த கோதுமை

மும்பையின் கிராஃபோர்டு மார்க்கெட் இன்று மகாத்மா ஜோதிபா புலே சந்தை. பெயர் மாறியதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஊர் வாய் இன்னும் பழைய பெயரையே சொல்கிறது, அது கிடக்கட்டும். தோழர்களே, அதன் வாசலுக்கு மேலுள்ள கல்லைக் கொஞ்சம் பார்ப்போம்.

வில்லியம் எமர்சன் வடிவமைத்து, 1869-இல் கட்டிமுடித்த சந்தை அது. வாசலின் புடைப்புச் சிற்பங்கள் ஜான் லாக்வுட் கிப்ளிங்குடையவை. 1865-இல் ஜே.ஜே. கலைப்பள்ளிக்குச் சிற்ப ஆசிரியராக வந்தவர். (ருட்யார்டு கிப்ளிங்கின் தந்தை என்பதோடு அவரை நிறுத்திவிடுகிறார்கள்.) கோதுமை வயலில் நிற்கும் உழவர்களை அவர் செதுக்கினார். கடவுளோ மன்னரோ அமரும் இடத்தில் பாடுபடுகிறவரை நிறுத்திய கை அது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அந்தக் கல் உழவருக்குக் கடன் இல்லை. வெளியே இருந்தவருக்கு இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1861 முதல் 1865 வரை, இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. பம்பாயில் பணம் புரண்டது. போர் முடிந்தது, விலை சரிந்தது. தக்காண உழவர் தலையில் வட்டியும் நிலவரியும் ஒன்றாக விழுந்தன. சந்தை திறந்து ஆறே ஆண்டுகளில், 1875-இல், புனே மாவட்டத்துச் சுபாவில் உழவர்கள் திரண்டு வட்டிக்கடைக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். நுழைவாயிலில் கதிரோடு நிற்பவர் யாரென்று கேட்டால், இவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த வயிற்றெரிச்சலை எழுத்தில் வைத்தவர் புலே. 1880-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'உழவனின் சாட்டை', வரி வாங்கும் வெள்ளை அரசையும் அதன் அலுவலகங்களில் அமர்ந்து உழவரைச் சுரண்டிய பார்ப்பன எழுத்தர்களையும் ஒரே விளாசில் அடித்தது.

1888 மே மாதம் பம்பாய் மக்கள் கூடிப் புலேயை 'மகாத்மா' என்று அழைத்தார்கள். சந்தைக்குப் பெயர் தந்த ஆர்தர் கிராஃபோர்டு அதே ஆண்டு ஊழல் விசாரணை ஆணையத்தின் முன் நின்றார். பிறகு பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

பெயர்ப்பலகையோடு நாம் திருப்தி அடைய முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புனே நகராட்சி பெரும் பொருட்செலவில் சந்தை கட்ட முனைந்தபோது, உறுப்பினராயிருந்த புலே எதிர்த்தார். அந்தப் பணத்தைக் கல்விக்குச் செலவிடுங்கள் என்றார். எடுபடவில்லை. 1886-இல் அது ரே மார்க்கெட்டாகத் திறக்கப்பட்டது. இப்போது அதற்கும் அவர் பெயர்தான்.