பழமொழி சுமக்கும் எடைக்கல்

இரண்டு முதலைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கின்றன. தலை இரண்டு, வால் இரண்டு, வயிறு மட்டும் ஒன்று. எந்த வாய் தின்றாலும் இரை ஒரே வயிற்றுக்குத்தான் போகும். ஆனாலும் இரண்டும் சண்டை போட்டுக்கொள்கின்றன. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பித்தளை உருவம் அது. ஒரு காலத்தில் தராசின் ஒரு தட்டில் அதை வைத்து, மறு தட்டில் தங்கத்தூளைக் கொட்டி வியாபாரம் செய்தார்கள்.

செய்தவர்கள் அக்கான் மக்கள். இன்றைய கானாவின் தெற்குப் பாதியிலும் அதை ஒட்டிய ஐவரி கோஸ்ட்டின் கிழக்குப் பகுதியிலும் வாழ்பவர்கள். குமாசியைத் தலைநகராகக் கொண்ட அசாந்தே அரசு அவர்களுடையதுதான். அவர்கள் காட்டு மண்ணிலும் ஆற்று மணலிலும் தங்கம் கிடைத்தது. சுமார் 15-ம் நூற்றாண்டிலிருந்து 19-ம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே தங்கத்தூள்தான் காசு. துணி வாங்கவும் அபராதம் கட்டவும் அதைத்தான் நிறுத்துக் கொடுத்தார்கள். மிகச் சிறிய அளவுகளுக்கு விதைகள் போதும். அவற்றில் ஒன்று, நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த அதே குன்றிமணி. அதற்கு மேற்பட்ட அளவுகளுக்குப் பித்தளை எடைக்கல் வேண்டும்.

எடைக்கல்லின் பிறப்பு மெழுகில். தேன்மெழுகைத் திரித்து, உருட்டி உருவம் செய்வார்கள். அதன்மேல் கரித்தூள் கலந்த மென்களிமண்ணைப் படலம் படலமாகப் பூசிக் காயவைப்பார்கள். சூட்டில் மெழுகு உருகி வழிந்துவிடும். அது இருந்த இடத்தில் பித்தளை போய் உட்காரும். பிறகு அச்சை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஓர் உருவம்தான் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. சில சமயம் மெழுகுகூடத் தேவைப்படவில்லை. நிலக்கடலையையோ வண்டையோ அப்படியே களிமண்ணில் பொதிந்து சுட்டார்கள். கடலை எரிந்து சாம்பலாகும்; அதன் தோலில் இருந்த வரிகள் பித்தளையில் நிலைத்துவிடும்.

வார்த்து எடுத்ததும் எடை சரியாக அமைந்துவிடாது. கூடிப்போனால் ஒரு காலையோ கொம்பையோ வெட்டிவிடுவார்கள். குறைந்தால் ஈயத்துளி ஒன்றை ஒட்டுவார்கள், இல்லையென்றால் கம்பி வளையம் ஒன்றை மாட்டுவார்கள். அருங்காட்சியகங்களில் கால் இல்லாத பறவையைப் பார்த்தால், உடைந்த சாமான் என்று எண்ணிவிட வேண்டியதில்லை. கணக்குக்காகக் கால் இழந்த பறவையாக இருக்கலாம்.

இந்தக் கற்களின் அளவுகளே ஒரு வரலாற்றுப் பாடம். டிமோதி கேரார்ட் என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான எடைக்கற்களை நிறுத்துப் பார்த்து 1980-ல் ஒரு நூல் வெளியிட்டார். சகாரா பாலைவனம் கடந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் மித்கால், அவுன்ஸ் அளவுகளும், பிறகு கடல்வழி வந்த போர்த்துகீசியர் அளவும், இன்னும் பின்னால் வந்த ட்ராய் அவுன்ஸும் அவற்றில் பதிந்திருப்பதை அவர் காட்டினார். வாசலுக்கு வந்த ஒவ்வொரு வியாபாரிக்கும் ஏற்றபடி அக்கான் மக்கள் கல் வார்த்திருக்கிறார்கள். பித்தளையும் பெரும்பாலும் அந்த வியாபாரிகள் கொண்டுவந்த சரக்குதான்.

தொடக்கத்தில் படி, கட்டம், சுழி என வெறும் வடிவங்கள்தாம் மிகுதி. காலம் போகப்போக மனிதர்களும் மிருகங்களும் தட்டில் ஏறினார்கள். கூடவே பழமொழிகளும் ஏறின. இருவாட்சிப் பறவையைக் கவ்விய பாம்பு உருவம் ஒன்று உண்டு. அதன் கதை இது: இருவாட்சி பாம்பிடம் கடன் வாங்கியது. திருப்பிக் கேட்டபோது, “நான் பறக்கிறவன், நீ ஊர்கிறவன், எப்படி வசூல் பண்ணுவாய்?” என்று ஏளனம் செய்தது. பாம்பு காத்திருந்தது. மழை பொய்த்த வருடம் ஒன்று வந்தது. மிஞ்சியிருந்த ஒரே நீர்க்குட்டையின் ஓரத்தில் பாம்பு படுத்துக்கொண்டது. பறவை தண்ணீர் குடிக்க இறங்கித்தானே ஆகவேண்டும்?

கடனும் வட்டியும் பேசப்படும் இடத்தில் இந்த உருவம் தராசில் ஏறினால், வாயைத் திறக்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். தொழிலுக்கு இறங்கும் மகனுக்குத் தந்தை தராசும் எடைக்கற்களும் கொடுப்பது வழக்கம். துணியில் முடிந்த அந்த மூட்டையில் அவனுக்கு அளவும் புத்திமதியும் சேர்ந்தே போயின. ‘அறிவுள்ள பிள்ளையிடம் பழமொழியால் பேசு, விளக்கிச் சொல்லாதே’ என்பது அக்கான் வழக்கு.

எடைக்கற்களின் இந்த வாழ்வு 19-ம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. 1874 பிப்ரவரியில் ஜெனரல் வூல்ஸ்லியின் பிரிட்டிஷ் படை குமாசிக்குள் நுழைந்து, அரண்மனையைக் கொள்ளையிட்டு, வெடிவைத்துத் தகர்த்தது. 1896-ல் அசாந்தே மன்னர் முதலாம் பிரெம்பே கைதாகி நாடுகடத்தப்பட்டார். சீஷெல்ஸ் தீவிலிருந்து அவர் திரும்பியது 1924-ல். இடையில் ஆங்கில நாணயம் புழக்கத்துக்கு வந்தது, தங்கத்தூள் காசாக இருந்த காலம் போயிற்று. வேலை இழந்த கற்கள் சில உருக்கப்பட்டன. சில வீட்டு மூலையில் கிடந்தன. மற்றவை வியாபாரிகளின் பையில் ஏறி லண்டன், பாரிஸ், வாஷிங்டன் அருங்காட்சியகங்கள்வரை போயின.

உருவத்தோடு பழமொழி போகவில்லை. அது தனி வழியில் போனது. 1879-லேயே பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த கிறிஸ்டாலர், அக்கான் மக்கள் பேசும் ட்வி மொழியின் 3,600 பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டிருந்தார். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து ராட்ரே என்ற ஆய்வாளர் 1916-ல் ஆங்கிலத்தில் தந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊமை உருவங்கள்; நூலகத்தில் உருவம் இல்லாத சொற்கள்.

இரண்டையும் மறுபடி சேர்த்துவைத்தவர்களில் முக்கியமானவர் பெகி அப்பியா. பிரிட்டிஷ் நிதியமைச்சராக இருந்த ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸின் மகள். கானா நாட்டு வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஜோ அப்பியாவை 1953-ல் மணந்து குமாசியில் குடியேறினார். வீட்டு வாசலுக்கு விற்க வரும் எடைக்கற்களை வாங்கத் தொடங்கியவர், ஒவ்வொன்றையும் பெரியவர்களிடம் காட்டி அர்த்தம் கேட்டார். கேட்கக் கேட்கப் பழமொழிகள் குவிந்தன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தாங்கிய ‘பு மெ பெ’ என்ற பெருந்தொகுப்பு, மகன் குவாமே அந்தோணி அப்பியாவின் துணையோடு 2001-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960-களில், அக்கான் நாட்டுப்புறக் கதைகளில் வரும் தந்திரச் சிலந்தி அனான்சேயின் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கானாவைப் பார்த்தே இராத பிள்ளைகளின் கைக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

அப்படிப்பட்ட பிள்ளைகளின் தொகை 1980-களில் பெருகியது. கானாவின் பொருளாதாரம் சரிந்தது. 1983-ல் கடும் வறட்சி. அதே ஆண்டு நைஜீரியா லட்சக்கணக்கான கானா மக்களை வெளியேற்றியது. பிழைப்புத் தேடிப் போனவர்கள் லண்டனிலும் ஹாம்பர்கிலும் ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் பகுதியிலும் நியூயார்க்கின் பிராங்ஸிலும் வேர்விட்டார்கள். பெற்றோர் ட்வி மொழியில் பேச, பிள்ளைகள் ஆங்கிலத்திலோ டச்சிலோ பதில் சொல்லும் வீடுகள் உருவாயின. அந்த வீடுகளில் பழமொழி சுலபமாகத் தோற்றுவிடும். சிறுத்தையின் மேல் மழை அடித்தால் தோல் நனையும், புள்ளி அழியாது என்று அப்பா சொல்வார். பிள்ளைக்கு அது இன்னொரு அறிவுரை, காது அடைத்துக்கொள்ளும்.

அதையே ஒரு சிறுத்தை உருவமாகக் கையில் கொடுத்தால் வரிசை தலைகீழாகிறது. பிள்ளை முதலில் திருப்பிப் பார்க்கும், புள்ளிகளைத் தடவும், இது எதற்கு என்று கேட்கும். கேட்ட பிறகு வரும் பழமொழி உபதேசமாகக் காதில் விழாது, கேள்விக்குப் பதிலாக விழும். பெகி அப்பியா கற்றுக்கொண்டதும் இதே வழியில்தான். பழமொழிக்குப் பின்னால் வரலாறும் வரும்: இது ஏன் பித்தளை, பித்தளை எங்கிருந்து வந்தது, இப்போது ஏன் லண்டனில் இருக்கிறது?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது பெரியவர்களுக்கே சங்கடம். 2024 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபவுலர் அருங்காட்சியகம் ஏழு அசாந்தே அரும்பொருட்களைக் குமாசிக்கே நிரந்தரமாகத் திருப்பித் தந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 பொருட்களை அனுப்பின. ஆனால் மூன்று ஆண்டு இரவலாக. தங்கள் சேகரிப்பை விட்டுக்கொடுக்க பிரிட்டிஷ் சட்டம் இடம் தராது. சொந்தக்காரருக்கே இரவல். பாம்பும் இருவாட்சியும் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இங்கே கடன்காரர் யார் என்று கேட்டால், யாரும் சொல்லித் தராமலே அது வரலாற்றைப் புரிந்துகொண்டுவிட்டது என்று பொருள்.

குமாசிக்கு அருகில் குரோஃபோஃப்ரோம் கிராமத்தில் இன்றும் மெழுகு உருட்டிப் பித்தளை வார்க்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்களும் சுற்றுலாப் பயணிகளும் வாங்கிப் போகிறார்கள். இந்தக் கற்களுக்கு எடை சரிபார்க்கும் தேவை இல்லை. ஈயத்துளி ஒட்டவும் வேண்டாம், பறவையின் காலை வெட்டவும் வேண்டாம். ஒரே உருவத்துக்குப் பல பழமொழிகள் உண்டு என்பதால் விற்பவர் ஒன்று சொல்வார். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால், அது அப்படி இல்லை என்று பாட்டி வேறொன்று சொல்வார். பிள்ளைக்கு இரண்டு கிடைக்கும், வாதாடவும் ஒரு விஷயம் கிடைக்கும்.