ஆலங்காட்டில் தனியாக இருந்த அம்மை

நம் பக்கத்தில் கூத்து என்றால் பத்துப் பேர் வேஷம் கட்டி விடியவிடிய ஆடுவது. கதாகாலட்சேபம் அப்படியில்லை. பின்னால் மிருதங்கமும் ஆர்மோனியமும் இருக்கும். ஆனால் கதைக்கு ஒரே ஆள்தான். கையில் சிப்ளாக் கட்டையோடு ராஜாவும் அவரே, ராணியும் அவரே.

மராட்டியக் கீர்த்தன மரபு தஞ்சாவூருக்கு வந்து, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கையில் தமிழ் வடிவம் பெற்றது. அடுத்த தலைமுறையில் சி. சரஸ்வதி பாய், எதிர்ப்பையெல்லாம் தாண்டி, பெண்ணாக மேடையேறிக் கதை சொன்னார். வட ஆர்க்காட்டுக்காரர்களான நமக்கு இவர்களைவிட நெருக்கமானவர் காங்கேயநல்லூர் கிருபானந்த வாரியார் சுவாமிகள் (1906–1993). என் வயதுக்காரர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும்.

இப்படி ஒற்றை ஆளாகச் சொல்லப்பட்ட கதைகளில் ஒன்று காரைக்கால் அம்மையார் சரித்திரம். உங்களுக்குத் தெரிந்ததுதான். வணிகர் வீட்டுப் பெண் புனிதவதி. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிடுகிறார். கணவன் இரண்டாவதையும் கேட்க, இறைவனை வேண்டி ஒரு பழம் வருகிறது. பயந்துபோன கணவன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். அம்மையார் உடல் அழகை உதறிப் பேயுரு பெற்று, தலையால் நடந்து கயிலை சென்று, பிறகு திருவாலங்காட்டுக்கு வந்து தங்குகிறார்.

அறுபதுகளில் எங்கள் கீழ்பென்னாத்தூரில் ஒரு சிவராத்திரிக்கு இந்தக் கதை நடந்தது. வெளியூர் பாகவதர். மாம்பழத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆலங்காடு வந்ததும் ஐந்தே நிமிஷத்தில் மங்களம் பாடிவிட்டார்.

கூட்டத்தில் என் அத்தையும் இருந்தார். புருஷன் பிழைப்புக்கென்று போனவர் திரும்பவே இல்லை. அத்தை ஊருக்கு வெளியே கொல்லைக் கொட்டாயில் தனியாகவே காலம் தள்ளியவர். வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டார்: "அவன் போனதையே அவ்ளோ நேரம் சொன்னாரே, அந்தம்மா காட்டுல ராவெல்லாம் எப்பிடி இருந்துச்சுன்னு ஒண்ணுமே சொல்லலியேப்பா?" அப்பா பதில் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அம்மையாரின் பாடல்களை நிதானமாகப் படித்தேன். மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, திருஇரட்டை மணிமாலை, அற்புதத் திருவந்தாதி எல்லாம் சேர்த்து 143 பாடல்கள். அவற்றில் மாம்பழமும் இல்லை, பரமதத்தனும் இல்லை. இருப்பது காடு. கள்ளி, முள், எரியும் சிதை, நரி, ஊளையிடும் பேய்கள், அவற்றின் நடுவே ஆடும் இறைவன். அந்தப் பேய்களை அவர் பயந்து சொல்லவில்லை. பக்கத்து வீட்டாரைப் போலச் சொல்கிறார். பாட்டின் முடிவில் தன்னையும் காரைக்கால் பேய் என்றே குறிப்பிடுகிறார். அத்தை கேட்ட ராத்திரியெல்லாம் அந்தப் பதிகங்களில்தான் இருக்கிறது.

மாம்பழக் கதையை விரித்துச் சொன்னவர் சேக்கிழார். அவர் காலம் 12ஆம் நூற்றாண்டு. அம்மையாருக்குச் சுமார் 600 ஆண்டு பிந்தியது. அவரும் ஆலங்காட்டைக் கடைசிச் சில பாடல்களில் முடித்துவிடுகிறார். ஆனால் பெரிய புராணத்துக்கு முன்பே சிற்பிகள் அம்மையாரை அறிந்திருந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனருகே எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறார். கடல் கடந்து, கம்போடியாவில் 967இல் எழுந்த பாந்தியாய் ஸ்ரீ கோயிலிலும் நடனச் சிவனருகே உள்ள மெலிந்த பெண்ணை அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கல்லில் நின்றது காட்டுப் பெண்தான்.

மேடையும் திருவிழாவும் மாம்பழத்தைப் பிடித்துக்கொண்டன. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும், பேயுருவில் கே.பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். சுந்தராம்பாள் பாடும்போது கொட்டகையில் பெண்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

திருவாலங்காடு நமக்குத் தூரமில்லை. அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவில் இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் அது ரத்தின சபை. அம்மையார் தலையால் நடந்த மண் என்று ஞானசம்பந்தரே உள்ளே கால்வைக்கத் தயங்கினார் என்பார்கள். போகிறவர்கள் மூத்த திருப்பதிகத்தைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள். இனி யாராவது இந்தக் கதையை மேடையில் சொன்னால், மாம்பழத்தைக் கொஞ்சம் சுருக்கிக் காட்டுக்கு ஒரு மணி நேரம் கொடுக்கட்டும்.