செவ்வாயின் களிமண்: பண்டை உயிர்த்தடத் தேடல்

செவ்வாய்க் கோளில் எப்போதாவது நுண்ணுயிர்கள் வாழ்ந்தனவா என்பதை அதன் பாறைகளிலிருந்து அறிய முயலும் ஆய்வு, பண்டை உயிர்த்தடத் தேடல். இன்று வறண்டும் உறைந்தும் கிடக்கும் அக்கோளில், 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் ஓடின, ஏரிகள் நிறைந்திருந்தன. அவை படியவிட்ட களிமண்ணே தேடலின் முதன்மைக் களம். அத்தகைய களிமண்ணின் குணத்தைக் கோவில்பட்டிக் கரிசலில் கண்ணாரக் காணலாம்.

கரிசலும் செவ்வாயும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசலில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் குடும்பக் களிமம். அதன் படிகம் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஐப்பசி மழையில் ஏடுகளுக்கிடையே நீர் புக, மண் உப்புகிறது. கோடையில் நீர் வற்ற, நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது.

இதே குடும்பக் களிமம் செவ்வாயிலும் உண்டு. 2013 பிப்ரவரியில் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பெருங்குழியில் துளையிட்ட சேற்றுப்பாறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஸ்மெக்டைட் இருந்தது. கரிசலில் உள்ளது அலுமினியம் மிகுந்த வகை. கேலில் உள்ளது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த வகை. களிம ஏடுகள் கரிமச் சேர்மங்களைப் பற்றிக்கொண்டு நெடுங்காலம் காக்க வல்லவை. அந்தப் பாறையிலிருந்து எடுத்த கம்பர்லேண்ட் மாதிரியில் டெக்கேன், டோடெக்கேன் போன்ற நீண்ட கரிமச் சங்கிலிகள் இருந்தது 2025இல் அறிவிக்கப்பட்டது. இவை உயிரின்றியும் உருவாகக்கூடியவை.

வெடிப்புகளின் சான்று

சேறு முதன்முறை காயும்போது வெடிப்புகள் பெரும்பாலும் செங்கோணத்தில் சந்திக்கும். பலமுறை நனைந்து காய்ந்தால் அச்சந்திப்புகள் முக்கவடாக மாறி, அறுகோணப் பாளங்கள் உருவாகும். கியூரியாசிட்டி 2021இல் கண்ட பாறையில் இத்தகைய அறுகோணங்கள் இருந்தன. செவ்வாயில் ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்ததற்கு அவை சான்று என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. நீர் வற்ற வற்றக் கரைசல் மீண்டும் மீண்டும் செறிவடையும் இச்சூழல், எளிய மூலக்கூறுகள் இணைந்து பெரியவையாக உதவும்.

கரிசலின் வெடிப்பை அடுத்த மழை மூடிவிடுகிறது. செவ்வாயின் வெடிப்புகளில் சல்பேட் உப்புப் படிந்து இறுகியதால் அவை அழியாமல் நின்றன.

தேடலின் வரலாறு

1976இல் இறங்கிய இரு வைக்கிங் கலங்களும் மண்ணில் வாழும் உயிரைத் தேடின, முடிவு தெளிவாகவில்லை. அதன்பின் நாட்டம் பழைய நீர்நிலைகளின் மேல் திரும்பியது. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி, பழைய ஆற்றுக் கழிமுகம் உள்ள ஜெசிரோ பெருங்குழியில் இறங்கியது. 2024இல் அது கண்ட செயாவா ஃபால்ஸ் என்னும் சேற்றுப்பாறையில் சிறுத்தைத் தோல் போன்ற புள்ளிகள் இருந்தன. விவியனைட், கிரெய்கைட் ஆகிய இரும்புக் கனிமங்கள் அங்கே இருப்பதற்கான அடையாளங்களை விவரித்த 2025 செப்டம்பர் ஆய்வு, அவற்றை 'உயிர்த்தடமாக இருக்கக்கூடியவை' என வகைப்படுத்தியது.

தமிழரின் பங்கு

2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் மங்கள்யான் கலம், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. உயிர்களும் வெளியிடக்கூடிய மீத்தேன் வாயுவைத் தேடும் உணரியும் அதில் இருந்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவர். நிகழ்ச்சித் திட்டத்தை வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி அருகே பிறந்தவர்.

இன்றைய நிலை

செவ்வாயில் உயிர் இருந்தது என்பதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. செயாவா ஃபால்ஸ் மாதிரி அடைத்த குழாய் செவ்வாயிலேயே உள்ளது. உயிரின்றி நடக்கும் வேதிவினைகளாலும் அப்புள்ளிகள் தோன்றலாம் என்பதால், புவியின் ஆய்வகச் சோதனையே தீர்ப்புக்கு வழி. அதுவரை களிமண் சொல்வது ஒன்றே: அங்கே ஒரு காலத்தில் நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்த சேறு இருந்தது.