தகர வில்லையும் அடையாள அட்டையும்: மலையக வரலாற்றில் ஆளடையாளம்

சில்லு பொருத்திய அட்டையின் வரலாற்றை எழுதுவோர், 1974ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான ரோலன் மொரேனோ பெற்ற காப்புரிமையைத் தவறாது சுட்டுவர். எனினும், இலக்கமிட்ட சிறு பொருளொன்றைக் கொண்டு ஓர் ஆளை இனங்காண்பதும், அவனுக்கு வழியைத் திறப்பதும் அடைப்பதும் மலையகத்துக்குப் புதியன அல்ல. இங்கு நாம் ஆராயப் புகுவது அந்த முன்வரலாற்றினையே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குத் திரட்டப்பட்ட தொழிலாளர்க்குத் தகர வில்லை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறிக்கப்பட்ட அவ்வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர் கையில் காசின்றியே தோட்டம்வரை பயணம் செய்யலாம். செலவு முதலில் தோட்டத்தின் கணக்கிலும், பின்னர் அவரது கடனிலும் ஏறிற்று. 1914இல் தலைமன்னார் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், மத்திய மலைநாட்டுக்குச் சென்றோர் பலர் பேராதனைச் சந்தியைக் கடந்தே சென்றனர். பெயர் தேவைப்படவில்லை, இலக்கமே போதுமானதாயிருந்தது.

உள்ளே வர உதவியது வில்லையெனில், வெளியேற வேண்டியிருந்தது ‘துண்டு’. குறித்த கடனைச் செலுத்தினால் இன்னின்ன ஆட்களை விடுவிக்கலாம் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. பெரிய கங்காணி அதனைக் காட்டி வேறு தோட்டத்தில் முற்பணம் பெறுவார். பழைய கடன் தீரும், புதிய கடன் தொழிலாளர்மீதே விழும். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இவ்வாறு இத்தீவில் மிக நுணுக்கமாக எண்ணப்பட்ட மக்களே பின்னர் அடையாளமற்றோராயினர் என்பது விந்தையே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ், இலங்கையில் பிறந்தமை மட்டும் போதுமானதாகவில்லை; தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமை நிறுவப்படல் வேண்டும். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் கிடைத்தபோதும், பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரேயாவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்கள் மீண்டும் தொகைகளாயினர்.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் பிரசைகளுக்கே உரியது. ஆதலின் 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை, நாடற்றோராயிருந்த தோட்டத் தொழிலாளர்க்கு எட்டாப் பொருளாயிற்று. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே அத்தடையை நீக்கின.

2017இல் ஆட்பதிவுத் திணைக்களம் ‘ஸ்மார்ட்’ அட்டை எனும் பெயரில் வழங்கத் தொடங்கிய அட்டையில் இயந்திரம் வாசிக்கும் பட்டைக் குறியீடு உண்டு. தகர வில்லையின் இலக்கமும் பொருள்பெற்றது அது சுட்டிய பேரேட்டினாலேயே. அட்டைகளின் இலக்கமும் அவ்வாறே. அப்பேரேட்டை யார் வைத்திருந்தனர், எதற்காக வைத்திருந்தனர் என்பதை ஆராயப் பழைய செக்றோல் ஏடுகள் வேண்டும். செல்லரிக்குமுன் அவற்றைத் திரட்டுதல் எமது பல்கலைக்கழகத்தால் இயலக்கூடிய பணியே.