பேசுவதற்கு முன் நடக்கும் பேச்சு

மலருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "அதெல்லாம் மியூசியத்துக்குப் போயாச்சுப்பா!" என்றார் வகுப்புத் தோழர் ஒருவர். போகட்டும். எக்ஸ்சேஞ்ச் போனாலும் அது தீர்த்துவைத்த ஒரு வழக்கு சுவாரஸ்யமானது. தம்பி தங்கைகள் படிக்கலாம்.

அன்று வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே இருந்தது இரண்டே செம்புக் கம்பிகள். அதில் 48 வோல்ட். ரிசீவரை எடுத்தால் மின்சாரம் ஓடும். எண் 5-ஐச் சுழற்றினால் அது ஐந்து முறை அறுபடும், விநாடிக்குப் பத்து என்ற வேகத்தில். மணி அடிக்க, எக்ஸ்சேஞ்ச் 75 வோல்ட் போல மாறுமின்னோட்டம் அனுப்பும். இதுதான் மொத்த மொழியும்.

ஊர் பெரிதானபோது வீட்டுக்கு வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி இழுப்பது கட்டுப்படியாகவில்லை. எக்ஸ்சேஞ்சின் ஒரு துண்டைத் தெருவோரப் பெட்டியில் வைத்தார்கள். அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த எஸ்.எல்.சி-96 அப்படிப்பட்டது: 96 வீடுகளுக்கு நான்கு டி-1 டிஜிட்டல் லைன்கள் போதும். ஆனால் டிஜிட்டல் லைனில் 48 வோல்ட்டை அனுப்ப முடியுமா? ரிசீவரை எடுத்த சேதி எப்படிப் போகும்? குரலை விநாடிக்கு 8000 மாதிரிகளாக வெட்டுகிறார்கள் அல்லவா, அதில் ஒவ்வொரு ஆறாவது மாதிரியிலும் கடைசி பிட்டைத் திருடிச் சேதிக்கு வைத்துக்கொண்டார்கள். காதுக்குத் தெரியாது. 'கொள்ளையடித்த பிட்' என்றே பெயர்! பொறியாளர்கள் நேர்மையானவர்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பெட்டி பேசும் பாஷை அதைச் செய்த கம்பெனியின் சொந்தப் பாஷை. எக்ஸ்சேஞ்சை யாரிடம் வாங்கினாயோ, பெட்டியையும் அவரிடமே வாங்கு! பெண் எடுத்த வீட்டிலேயே பாத்திரமும் வாங்கு என்பது போல. 1984 ஜனவரி 1-ல் பெல் உடைந்தது. அதன் பிறகு பெல்கோர் அமைப்பு எஸ்.எல்.சி-96-இன் இடைமுகத்தை டி.ஆர்-08 என்ற ஆவணமாக வெளியிட்டது. ஐரோப்பாவில் எட்ஸி 1994-ல் வி5.1, வி5.2 தரங்களைக் கொண்டுவந்தது.

வி5.2-இல் எனக்குப் பிடித்தது, தெருப் பெட்டியின் அடக்கம்தான். அது யாரையும் யாருடனும் இணைக்காது. "லைன் 214, ரிசீவர் எடுத்தாச்சு" என்று செய்தி அனுப்பிவிட்டு வாட்ச்மேன் மாதிரி நிற்கும். எந்த டைம் ஸ்லாட் யாருக்கு என்று ஒவ்வொரு அழைப்புக்கும் எக்ஸ்சேஞ்சே முடிவு செய்யும். செய்தி போகும் இணைப்பு அறுந்தால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ள ஒரு தனி நெறிமுறையே உண்டு. 2 மெகாபிட் இணைப்புகள் 16 வரை சேர்க்கலாம்.

இது நமக்கு எதற்கு? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, வீட்டுக்குக் கம்பியே இல்லாத கார்டெக்ட் தொலைபேசியை 1990-களில் உருவாக்கியது. அது எக்ஸ்சேஞ்சோடு பேசியது வி5.2-இல். எக்ஸ்சேஞ்ச் செய்த கம்பெனியின் ரகசியத்தைக் கேட்டுக் கையேந்த வேண்டிய நிலை இல்லை. புத்தகத்தில் இருந்ததைப் படித்துச் செய்தார்கள்! இந்தத் தரம் மட்டும் இல்லாதிருந்தால் அந்த வேலை ஆய்வகத்தை விட்டு வெளியே வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இன்று வீட்டுக்கே ஃபைபர் பெட்டி வருகிறது. பழைய போனைச் செருகினால் அதுவே மணியும் அடிக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். முன்பு கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்ச் பாட்டரியில் போன் பேசும். இப்போது வீட்டுப் பெட்டிக்குத் தனியாக பாட்டரி வாங்கி வைத்தால்தான் உண்டு.