ஊஞ்சலுக்கும் ஓர் உரிமைப் பத்திரம்

புதியதொன்றை ஆக்கியவனுக்கு அதன் பயனைச் சில காலம் தனியே நுகரும் உரிமையை அரசு வழங்குதல் நெடுநாள் வழக்கமாகும். ஆங்கிலத்திற் 'பேற்றன்ற்' எனப்படும் இவ்வுரிமை தமிழில் ஆக்கவுரிமை என்றும் காப்புரிமை என்றும் வழங்கும். நீராவிப் பொறி, மின்விளக்கு முதலாக உலகை மாற்றிய ஆக்கங்கள் பலவும் இவ்வுரிமையின் நிழலிலேயே வளர்ந்தன. ஆயினும், அதே பதிவேடுகளிற் சக்கரமும், ஊஞ்சலாட்டமும், பூனையை ஓடி விளையாடச் செய்யும் முறையும் புத்தாக்கங்களாக இடம்பெற்றுள்ளன என்பதைப் பலர் அறியார். இவை நகைப்புக்குரியன என்பதில் ஐயமில்லை. ஆனால், ஊஞ்சலைப் புதியதெனக் கண்ட பதிவேடு மஞ்சளையும் வேம்பையும் புதியனவாகக் கண்டபொழுது அந்நகைப்பு கவலையாக மாறியது. இம்மாற்றத்தின் வரலாற்றை எடுத்துரைத்து, நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய தீவகப் பகுதிகளின் எழுதப்படாத வாழ்வறிவுக்கு அவ்வரலாறு உணர்த்துவது யாதென நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூழ்கிய கலமும் திறந்த மடலும்

ஆக்கவுரிமையின் வரலாறு ஒரு மரக்கலத்தோடு தொடங்குகின்றது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத் தேவாலயத்தின் குவிமாடத்தை எழுப்பிய புரூனலெஸ்கி, சலவைக்கற்களை ஆர்ணோ ஆற்றின் வழியே ஏற்றிவருவதற்கான புதுவகைக் கலமொன்றுக்கு 1421ஆம் ஆண்டில் மூன்றாண்டுக் காலத் தனியுரிமை பெற்றார். அதனைப் போன்ற பிறர் கலம் ஆற்றிற் காணப்படின் அது எரிக்கப்படும் என்பதும் அவ்வுரிமையில் அடங்கியிருந்தது. எரிப்பதற்கான தேவை எழவில்லை; புரூனலெஸ்கியின் கலமே ஏற்றிய கற்களோடு ஆற்றில் மூழ்கிப்போயிற்று. உரிமை பெற்றதனாலேயே ஓர் ஆக்கம் மிதந்துவிடாது என்பதற்கு வரலாறு தந்த முதற் சான்று இதுவெனலாம். இதற்கு மாறாக, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதனைக் கட்டிய ஓடாவிமாரின் அறிவு கண்பார்த்துக் கைபழகி வந்ததேயன்றிப் பத்திரத்தில் எழுதப்பட்டதன்று.

வெனிஸ் குடியரசு 1474ஆம் ஆண்டில் ஆக்கவுரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலோ முடியாட்சி தன் விருப்பத்துக்குரியோருக்கு உப்பு முதலிய அன்றாடப் பொருள்களின் மீதும் தனியுரிமை வழங்கி வந்தது. அதனாற் குடிகள் கொண்ட வெறுப்பின் விளைவாக, 1624ஆம் ஆண்டுச் சட்டம் தனியுரிமைகளைப் பொதுவாக ஒழித்து, புதிய ஆக்கங்களுக்கு மாத்திரம் பதினான்கு ஆண்டுக் கால உரிமையை நிலைநிறுத்தியது. 'பேற்றன்ற்' என்னுஞ் சொல் 'திறந்த மடல்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரினின்றும் பிறந்தது. ஆக்கியவன் தன் ஆக்கத்தின் நுட்பத்தை யாவரும் அறிய வெளியிடவேண்டும்; அதற்கு ஈடாக அரசு அவனுக்குக் காலவரையறையுடைய உரிமை வழங்கும். ஆக்கம் புதியதாகவும், துறையறிந்தோர் எளிதில் ஊகிக்க இயலாததாகவும் இருத்தல் வேண்டும். இதுவே இக்காலச் சட்டங்களின் அடிப்படையாகும்.

இவ்வழக்கம் ஆங்கிலேயரோடு கீழைநாடுகளுக்கும் வந்தது. இந்தியாவில் 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதல் விண்ணப்பம் அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் கல்கத்தாவிற் கொடுக்கப்பட்டது. அது துரைமாரின் கூடங்களிலே தொங்கிய பெருவிசிறியை இழுப்பதற்கான பொறியொன்றைப் பற்றியதாகும். வேலையாள் கயிறிழுக்கத் துரை காற்று வாங்கிய காலத்தின் சின்னமாக அப்பத்திரம் நிலைத்துவிட்டது. இலங்கையில் 1906ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துக் கோவையும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இவ்வுரிமையை ஒழுங்குபடுத்தின.

நகைப்புக்குரிய ஆக்கங்கள்

விநோதமான ஆக்கவுரிமைகளை இருவகைப்படுத்தலாம். முதலாவது, புதியனவாயினும் எவருக்கும் வேண்டப்படாதவை. 1896ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவர், தலையசைத்தவுடன் தானாகவே உயர்ந்து வணக்கஞ் செலுத்தும் தொப்பிப் பொறிக்கு உரிமை பெற்றார். இரு கைகளிலும் சுமை தாங்கி வருவோன் எதிர்ப்படும் சீமாட்டிக்கு மரியாதை செய்ய இயலாது வருந்தலாகாது என்பது அவர் கருத்துப் போலும். 1965ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த தம்பதியர், பிரசவ வேதனையுற்ற பெண்ணை வட்ட மேசையிற் கிடத்திச் சுழற்றி, சுழற்சியின் விசையாற் குழந்தையை வெளிக்கொணரும் பொறிக்கு உரிமை பெற்றனர். வெளிப்படும் குழந்தையைத் தாங்குவதற்கு ஒரு வலையையும் அவர்கள் அமைத்திருந்தனர். இத்தகையன பிறருக்குரிய எதனையும் கவர்ந்தவையல்ல. சிரித்துவிட்டு அப்பாற் செல்லலாம்.

இரண்டாம் வகையோ வேறு. அவை பழையனவற்றிற்குப் புதுப்பெயர் சூட்டியவை. 1995ஆம் ஆண்டில், சுவரிலும் தரையிலும் லேசர் ஒளிப்புள்ளியை அசைத்துப் பூனையைத் துரத்தச் செய்யும் முறைக்கு அமெரிக்கா உரிமை வழங்கியது. 2001ஆம் ஆண்டில் மெல்பேண் நகரச் சட்டத்தரணி ஒருவர், முறையான ஆய்வின்றி உரிமை வழங்கும் புதிய ஏற்பாட்டின் குறையை வெளிப்படுத்த எண்ணி, 'வட்டவடிவப் போக்குவரத்து வசதிச் சாதனம்' என்ற பெயரில் விண்ணப்பித்தார். அவுஸ்திரேலிய அலுவலகம் அதனைப் பதிந்து உரிமை வழங்கியது. அச்சாதனம் சக்கரமேயன்றி வேறன்று! பின்னர் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

அடுத்த ஆண்டிலே ஊஞ்சலின் முறை வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன், ஊஞ்சலிலிருந்து இருபுறச் சங்கிலிகளையும் மாறிமாறி இழுத்துப் பக்கவாட்டில் ஆடும் முறையை ஆக்கியவனாக விண்ணப்பிக்கப்பட்டான். ஆக்கவுரிமைச் சட்டத்தரணியான தந்தை, உரிமை பெறும் வழியை மகனுக்கு விளக்கவே இதனைச் செய்தார். விளையாட்டு வினையாயிற்று; 2002 ஏப்ரல் 9ஆம் நாள் உரிமை வழங்கப்பட்டது. வேண்டுவோர் அனுமதி பெற்று ஆடலாம் என்ற குறிப்பும் அப்பத்திரத்தில் உண்டு. மறு ஆய்வின் பின் 2003ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. சித்திரை வருடப்பிறப்பிலே வேம்பிலும் புளியிலும் கயிறு கட்டி ஆடிவந்த தீவகத்துச் சிறுவர், அந்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில், தாம் ஓர் அமெரிக்கச் சிறுவனின் ஆக்கத்தைப் பயன்படுத்துவதாக அறிந்திருக்கமாட்டார்கள். ஆக்கவுரிமை அதனை வழங்கிய நாட்டின் எல்லைக்குள்ளேயே செல்லும் என்பது அவர்களின் நற்பேறு.

பழையதற்குப் புதுப்பெயர் சூட்டித் தனதாக்கும் வழக்கம் தீவகத்துக்குப் புதியதன்று. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் ஏடுகளில் வேலணைத் தீவை லெய்டன் என்றும், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், அனலைதீவை றொட்டடாம் என்றும் குறித்தனர். பெயர் ஏட்டிலேறியதால் தீவுகள் புதியனவாகிவிடவில்லை. குடிகளின் நாவில் நயினாதீவு நயினாதீவாகவே இருந்தது. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மாத்திரம் ஆங்கில வழக்கில் நிலைத்துவிட்டது. சக்கரத்தை 'வட்டவடிவச் சாதனம்' என்றெழுதிய பத்திரத்துக்கும் இப்பெயரீட்டுக்கும் இடையேயுள்ள ஒப்புமை சிந்திக்கற்பாலது.

நகைப்பு கவலையானமை

1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சட்பொடியைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலைய ஆய்வாளர் இருவரின் ஆக்கமாக அமெரிக்க உரிமை வழங்கப்பட்டது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதுவரும் பிள்ளைக்கு மஞ்சள் அரைத்துப் பூசாத தாய் தமிழ் நிலத்தில் உண்டோ? ஆயினும், அத்தாயின் கை அமெரிக்கச் சட்டத்தின்முன் சான்றாகவில்லை. வெளிநாட்டில் ஒரு முறை பயன்பாட்டில் இருந்தமை மட்டும் அக்காலத்து அமெரிக்கச் சட்டத்திற் புதுமையை மறுக்கப் போதியதன்று. அது அச்சேறிய வெளியீடொன்றில் விவரிக்கப்பட்டிருத்தல் வேண்டும். எனவே, இந்திய விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய வடமொழி நூலையும், இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையையும் உள்ளடக்கிய 32 ஆதாரங்களைச் சமர்ப்பித்தது. 1997ஆம் ஆண்டில் உரிமை நீக்கப்பட்டது. கோடிக்கணக்கான கைகள் சாதிக்க இயலாததைச் சில அச்சுத்தாள்கள் சாதித்தன.

வேம்பின் வரலாறு இதனினும் நீண்டது. வேப்பெண்ணெயிலிருந்து பெறும் சாற்றினாற் பயிர்களின் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் கிரேஸ் என்னும் கம்பனியும் 1994ஆம் ஆண்டில் ஐரோப்பிய உரிமை பெற்றன. வந்தனா சிவா முதலானோர் அதனை எதிர்த்தனர். ஐரோப்பியச் சட்டம் எழுத்தை மட்டுமன்றி, வெளிப்படையான பயன்பாட்டையும் சான்றாக ஏற்பதாகும். அதனால், அத்தகைய சாற்றை இந்தியாவில் முன்னரே பயன்படுத்திச் சோதித்தவர் நேரில் தோன்றிச் சாட்சியமளித்தல் இயன்றது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடு 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தள்ளுபடியாயிற்று. முற்றத்து மரத்தின் குணத்தை நிலைநாட்ட ஏறக்குறையப் பத்தாண்டு சென்றது.

சாயவேரும் பனாட்டும்

ஆக்கவுரிமையின் நிழல் தீவகத்தின்மீது முன்னரும் வீழ்ந்ததுண்டு. இம்பூறல் என்னும் சிறு பூண்டின் வேரே சாயவேராகும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் அகழப்பட்ட இவ்வேர் துணிக்குச் செந்நிறமூட்டியது. ஒல்லாந்தர் அதன் வாணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். அவ்வேரிலும் உள்ள அலிசரின் என்னும் செஞ்சாயப் பொருளை ஆய்வுகூடத்திலே செயற்கையாக ஆக்கும் முறைக்கு 1869 யூன் 25ஆம் நாள் ஜேர்மானியர் இலண்டனில் விண்ணப்பித்தனர். ஆங்கிலேயரான பேர்க்கின் அதற்கு மறுநாள் விண்ணப்பித்தார். ஒருநாள் வேறுபாட்டிலே முந்தியவர் யாரென்னும் வினா எழுந்து, ஈற்றில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அச்செயற்கை முறை உண்மையான புத்தாக்கமே. அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆனால், செயற்கைச் சாயம் பரவியபின் வேரகழும் தொழில் நலிந்தது. எம்மண்ணில் எப்பருவத்தில் வேர் முதிரும், துணியில் அது எவ்வாறு பற்றும் என்னும் நுணுக்கங்கள் அத்தொழிலோடு மறைந்தன. கவரப்படாமலே இழக்கப்பட்ட அறிவுக்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

இன்றும் எஞ்சியிருப்பவை பல. பின்வரும் வாசகம் ஓர் ஆக்கவுரிமை விண்ணப்பத்தில் இருப்பதாகக் கொள்க: 'பனையினத் தாவரத்தின் முதிர்ந்த கனியிலிருந்து நாரை நீக்கிக் களியைப் பிரித்தெடுத்து, வடித்து, ஓலையாலாகிய பரப்பின்மீது மென்படையாகப் பரப்பி, வெயிலில் உலர்த்தி, அதன்மேற் படைபடையாக மீண்டும் பரப்பியுலர்த்தி, நெடுநாட் கெடாத உணவுத் தகட்டைப் பெறும் முறை.' நெடுந்தீவுக் கிழவி ஒருத்திக்கு இதனை வாசித்துக் காட்டின், 'பனாட்டுப் போடுறதை ஏன் ராசா இவ்வளவு சுத்தி வளைச்சுச் சொல்லுறாய்?' என்றே கேட்பாள். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு வடித்துக் கைப்பகற்றிய பின்னரே பிட்டவிக்கும் முறையும், சாந்தின்றிப் பவளக்கற்களை அடுக்கி நெடுந்தீவில் எழுப்பும் மதிலும், ஓலையை மடித்து நீரிறைக்கும் பட்டையாக்கும் கைவண்ணமும் இத்தகையனவே. அவை அறிவு எனப்படாது 'வீட்டுவேலை' என்றும் 'கைப்பழக்கம்' என்றும் ஒதுக்கப்பட்டன.

யாழ்ப்பாணத்து மருத்துவ அறிவு ஓரளவு நற்பேறு பெற்றது. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் ஏட்டில் எழுதப்பட்டு, பிற்காலத்தில் அச்சேறின. எனினும் எழுத்தும் அழியக்கூடியதே. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. பின்னர், 1990களின் தொடக்கத்திலே தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஏடு எரிந்தது, ஏட்டிலேறாத அறிவைச் சுமந்தவர்களும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்குமாகச் சிதறினர். பனையில்லாத நாட்டிலே பனாட்டுப் போடும் கை பழக்கமிழக்கும்.

செய்யத்தக்கது

இந்தியா மஞ்சள் வழக்கிற் கற்ற பாடத்தால் மரபறிவு மின்னூலகத்தை அமைத்து, சித்த மருத்துவ நூல்கள் உட்படப் பழைய நூல்களின் செய்திகளை ஐந்து உலக மொழிகளில் தொகுத்தது. 2009ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலக ஆய்வாளர்கள் அதனைப் பார்வையிடலாயினர். அமெரிக்கச் சட்டமும் 2013ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் சான்றாக ஏற்கின்றது. 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடன்படிக்கை, மரபுவளத்தையும் அதனைச் சார்ந்த மரபறிவையும் அடிப்படையாகக் கொண்ட விண்ணப்பங்களில் அவற்றின் மூலத்தை வெளிப்படுத்துமாறு கோருகின்றது.

ஆனால், சட்டம் கேட்பினும் சான்று கூற ஒருவர் வேண்டுமே! பதிவு செய்தல் எல்லாவற்றையும் காத்துவிடும் எனல் மிகையாகும். வெளியிடப்பட்ட அறிவை எவரும் தனியுரிமையாக்க இயலாது என்பது மெய். அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்பதும் மெய். ஆகவே எதனை, எவ்வளவு, எவர் சம்மதத்தோடு எழுதுவது என்பது அவ்வறிவுக்குரிய மக்களோடு கலந்து தீர்மானிக்கப்படல் வேண்டும். கற்றுத்தந்த கைக்குரியவரின் பெயரும் ஊரும், அவர் இசைவின்படி, உடன் எழுதப்படல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவனுக்கு ஒரு குறிப்பேடும், முதியோர் சொல்வதைக் குறுக்கிடாது கேட்கும் பொறுமையும் போதும்.

சக்கரத்துக்கு உரிமை வழங்கியமை அறியாமையின் விளைவன்று, கேட்டறியாமையின் விளைவு. அலுவலகம் கேட்கவில்லை என நகைப்பது எளிது. தன் வீட்டு அடுக்களையிலும் பனந்தோப்பிலும் வழங்கிய அறிவைத் தானும் கேட்டறியாத தலைமுறை அந்நகைப்புக்கு உரிமை கொண்டாட இயலாது.